நெற்றியைப் படித்தவர்கள்

பாலிக் புலாவில் லக்சாவுக்கு இரண்டு சபைகள். புளியும் மீனும் கொதிக்கிற ஆசம் லக்சா ஒன்று. தேங்காய்ப்பால் ஊற்றிய சியாம் லக்சா இன்னொன்று. இதில் எது அசல் என்று காலையில் பசியாறும் நேரத்தில் ஒரு கோப்பிக்கடையில் கேட்டுவிட்டால் போதும், கோப்பி ஓ ஆறிப்போகும்வரை வாதம் நடக்கும். இரண்டையும் ஒரே மங்கில் கலந்து கேட்கும் பதிதர்களும் உண்டு. இரு சபையாரும் அவர்களைத் தள்ளிவைத்துவிடுவார்கள். கடைக்காரர் மட்டும் யாரையும் தள்ளிவைப்பதில்லை. மூன்று பேரும் காசு கொடுப்பவர்கள் அல்லவா!

ஜார்ஜ் டவுன் பினாங்குத் தீவின் முகம் என்றால் பாலிக் புலாவ் அதன் முதுகு. இந்த முதுகில்தான், கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட வந்த ஹக்கா சீனர்களுக்காக, 1854இல் இயேசுவின் திருநாமக் கோயில் எழுந்தது. அங்கே பூசை வைத்த பிரெஞ்சு சுவாமிமார் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்கள். சீனர்களிடம் வேதம் சொல்லப் போகும் எந்தச் சுவாமியாரும் அந்தக் காலத்தில் வேலையைத் தொடங்குமுன் ஒரு சத்தியம் செய்தாக வேண்டும். செத்துப்போன பாட்டனின் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட எந்தக் கிறிஸ்தவனையும் விடமாட்டேன் என்பது அந்தச் சத்தியத்தின் சாரம்.

பாலிக் புலாவ் சீனர் கையிலிருந்து அந்த ஊதுபத்தி பிடுங்கப்பட்டதற்கும், அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் புதுச்சேரியில் ஒரு பெரிய மனிதர் உடம்புக்கு முடியாமல் படுத்ததற்கும் சம்பந்தம் உண்டு. எப்படி என்கிறீர்களா? முதலில் மதுரைக்குப் போகவேண்டும்.

1606இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை மதுரைக்கு வந்து சேர்ந்தார். சேசு சபைக்காரர். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ ஃபெர்னாந்தஸ் என்ற சீனியர் பத்து வருஷத்துக்கு மேலாகக் கடை விரித்திருந்தார். முன்னாள் போர்வீரர், நல்ல மனிதர். வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். ஆனால் மதுரைக்காரர் ஒருவர்கூட அவர் கடையில் கொள்முதல் செய்யவில்லை.

காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். ஞானஸ்நானம் பெற வந்தவரிடம் அப்போது கேட்கப்பட்ட கேள்வி, ‘பறங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா?’ என்ற பொருளில் இருந்தது. கிறிஸ்தவனாகச் சம்மதமா என்று கேட்பதாகச் சுவாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். மாட்டிறைச்சி, சாராயம், குளிக்காத உடம்பு, கழற்றாத சப்பாத்து, இத்தனைக்கும் சேர்த்துச் சம்மதமா என்று மதுரைக்காரர் காதில் விழுந்தது. ஒரே ஒரு மொழிபெயர்ப்புப் பிழை ஒரு ஊரையே கோயில் வாசலில் நிறுத்திவைத்தது.

நொபிலி பிழையைக் கண்டுபிடித்தார். சப்பாத்தைக் கழற்றினார், பாதக்குறடு மாட்டினார், காவி கட்டினார், நெற்றியில் சந்தனம் வைத்தார், தோளில் நூல் போட்டார். மரக்கறிச் சாப்பாடு, அதுவும் ஒரு வேளை. தமிழும் சமஸ்கிருதமும் கற்றுக்கொண்டு தத்துவ போதகர் ஆனார். நான் பறங்கி இல்லை, ரோமாபுரி ராஜகுலம் என்றார். கூட்டம் வந்தது.

சீனியருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆபீசில் பத்து வருஷம் ஃபைல் தள்ளியவர் பக்கத்து மேசையில் நேற்று வந்த பையன் புரமோஷன் வாங்கினால் என்ன செய்வாரோ, அதைச் செய்தார். 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். சந்தனம் அஞ்ஞானம், நூல் அஞ்ஞானம், குடுமி அஞ்ஞானம், குளிப்பதும் அஞ்ஞானம்.

இப்போது வேத வல்லுநர்கள் உட்கார்ந்து ஆராய வேண்டியதாயிற்று. சந்தனம் நாகரிகமா, நம்பிக்கையா? நூல் சாதியின் அடையாளமா, சாமியின் அடையாளமா? சுவிசேஷம் நான்கையும் புரட்டினால் குடுமியைப் பற்றி ஒரு வரி கிடையாது. இல்லாத வரிக்கு விளக்கம் எழுதுவது இருக்கிற வரிக்கு எழுதுவதைவிடச் சுலபம். யாரும் மறுக்க முடியாது பாருங்கள். 1619இல் கோவாவில் பெரிய சபை கூடி விவாதித்தது. கடைசியில் 1623 ஜனவரி 31ஆம் தேதி போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்புச் சொன்னார்: மூடநம்பிக்கையை உதறிவிட்டால் குடுமி, நூல், சந்தனம், நீராடல் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடிதத்தில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. குலப்பெருமை பேசுகிறவர்கள் எளிய குலத்து விசுவாசிகளை இழிவாக நினைக்கக் கூடாது என்று போப்பாண்டவர் கேட்டுக்கொண்டிருந்தார். குடுமிக்கான அனுமதியை எல்லோரும் சத்தம்போட்டுப் படித்தார்கள். வேண்டுகோள் வந்த பக்கத்தை ஜாக்கிரதையாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

எண்பது வருஷம் ஓடியது. புதுச்சேரியில் கப்புச்சின் சபையாருக்கும் சேசு சபையாருக்கும் ஆகவில்லை. ஒரே சாமி, ஒரே வேதம், ஒரே ஊர். ஆகாமல் போக வேறென்ன வேண்டும்? ‘இவர்கள் தமிழரைக் கிறிஸ்தவர் ஆக்கவில்லை, கிறிஸ்துவைத் தமிழர் ஆக்குகிறார்கள்’ என்ற ரீதியில் புகார்கள் ரோமாபுரிக்குப் பறந்தன. சீனாவிலிருந்தும் அதே மாதிரிப் புகார். அங்கே மத்தேயு ரிச்சி என்ற இன்னொரு சேசு சபையார் சீன அறிஞர் உடை உடுத்தி, கன்பூசியசுக்கும் முன்னோர்க்கும் செய்யும் மரியாதை வெறும் மரியாதைதான் என்று அனுமதித்துவிட்டுப் போயிருந்தார்.

தலைமை அலுவலகம் ஒரு ஆடிட்டரை அனுப்பியது. பெயர் சார்ல்ஸ் தோமாஸ் மயார் தெ தூர்னோன். தூரின் நகரத்துக்காரர், வயது இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை, பட்டம் அந்தியோக்கியாவின் பிதாப்பிதா. இந்தியா, சீனா இரண்டுக்கும் அவர் ஒருவரே. போகிற வழியில் தமிழனை முடித்துவிட்டு அப்படியே சீனனையும் முடித்துவிட்டு வாரும் என்று அனுப்பிவைத்தார்கள்.

1703 நவம்பர் 6ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். இறங்கியதும் உடம்புக்கு முடியாமல் போயிற்று. எட்டு மாதம் தங்கினார், ஊர் எல்லையைத் தாண்டவில்லை. மதுரையைப் பார்க்கவில்லை. தமிழ் தெரியாது. இரண்டு சேசு சபைச் சுவாமிமாரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு நாட்டின் கல்யாணம், காதுகுத்து, கருமாதி அத்தனையையும் படுக்கையில் இருந்தபடியே ஆராய்ந்து முடித்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். 1704 ஜூன் 23 என்று தேதியிட்டு, பதினாறு கட்டளை எழுதினார். ஜூலை 8ஆம் தேதி சேசு சபையாரிடம் கொடுத்தார். 11ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். பரீட்சை முடிவை ஒட்டிவிட்டு ஓடும் வாத்தியார்கூட இவ்வளவு வேகம் காட்டமாட்டார்.

கட்டளைகளைப் பார்ப்போம்.

ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக்கூடாது. வேத ஆதாரம் பலமாகவே இருந்தது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு உமிழ்ந்து ஒரு செவிடனின் நாவைத் தொட்டுக் குணமாக்குகிறார். ஆனால் தமிழ்நாட்டில் எச்சில் என்ற சொல்லுக்கே ஒரு குளியல் தேவைப்படும். அதனால் சேசு சபையார் அதை நைசாக விட்டுவைத்திருந்தார்கள். இதற்கு நம்மூரிலேயே முன்மாதிரி இருந்ததை யாரும் தூர்னோனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரைத்தானே சிவபெருமான் தலையில் உமிழ்ந்தார்! எச்சில் சாமிக்கு ஆகும். ஆசாமிக்குத்தான் ஆகாது.

பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, சிலுவையோ மாதா சுரூபமோ இருக்கட்டும். சரி. தாலிக்கயிற்றில் மஞ்சள் தோய்த்த 108 இழை கூடாது. விவிலியத்தில் 12 கூடை உண்டு, 153 மீன் உண்டு, 666 கூட உண்டு, 108 மட்டும் இல்லை. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. நெற்றியில் திருநீறு கூடாது. கோயில் திருவிழாவில் கிறிஸ்தவ மேளக்காரர் வாசிக்கக் கூடாது. பெண் பெரியவளானால் ஊர்கூட்டிக் கொண்டாடக் கூடாது. அர்ச்சியசிஷ்டவர்களின் பெயரை அடையாளம் தெரியாதபடி மாற்றக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டளைக்கு வயது முந்நூறு தாண்டிவிட்டது. பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் கூப்பிடும் தமிழ்க் கத்தோலிக்கர் இன்னும் அதைப் படித்து முடிக்கவில்லை.

புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் இந்தப் பட்டியலை உபதேசியார் வாசித்துக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

“பாட்டி, இனிமே கல்யாணத்துல தேங்காய் உடைக்கக் கூடாதாம்.”

“குழம்புக்கு?”

“குழம்புக்கு உடைக்கலாம்.”

“அப்ப தேங்காய் மேல குத்தம் இல்லை. உடைக்கிற எடத்து மேலதான் குத்தம். சரி, நான் அடுப்படியிலயே கல்யாணத்தை முடிச்சுடறேன்னு சுவாமிகிட்ட சொல்லு.”

ஆடிட்டர் பக்கம் வேதம் இருந்த இடமும் உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். வீட்டுக்கு விலக்கான நாளில் பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கும் கோயிலுக்கும் வரக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. அப்படித் தடுக்கக் கூடாது என்றார் தூர்னோன். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்டவள் தன் ஆடையைத் தொட்டபோது இயேசு கோபிக்கவில்லை என்று மாற்கு 5ஆம் அதிகாரம் பளிச்சென்று சொல்கிறது. இங்கே வியாக்கியானமே தேவைப்படவில்லை.

வியாக்கியானம் தேவைப்படாத இன்னொரு கட்டளையும் பட்டியலில் இருந்தது. சேரியில் ஒருவர் சாகக்கிடந்தால் சுவாமியார் அந்தக் குடிசைக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும்.

சேசு சபையாருக்கு வியர்த்தது. சேரிக்குள் கால்வைத்த சுவாமியாரை மேல்சாதிக்காரர் தம் வீட்டுக்குள் விடமாட்டார். அதனால் அதுவரை நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓரிடத்துக்கு வரச் சொல்லி அங்கே வைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். சாகிறவன் சுவாமியாரைத் தேடி வரவேண்டும்! நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்களா என்று கடைசி நாளில் கேட்பேன் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே கேள்வித்தாளை முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லாரும் விடை எழுத மறுத்தார்கள். சாதி என்பது நாட்டு வழக்கம், மதமல்ல என்றார்கள். சந்தனத்துக்குச் சொன்ன அதே விளக்கம். சந்தனத்துக்குப் பொருந்தியதால் குடிசைக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார்கள்.

நிற்க. ஆடிட்டர் இதற்குள் சீனா போய்விட்டார்.

1705 டிசம்பரில் பீக்கிங். காங்சி சக்கரவர்த்தி மரியாதையாகத்தான் வரவேற்றார். கிறிஸ்தவத்துக்கு 1692இல் அனுமதி கொடுத்தவர் அவர். முன்னோர்க்குச் செய்வது நன்றிக்கடனே தவிரச் சாமி கும்பிடுவது அல்ல என்று 1700இல் சேசு சபையாருக்குச் சான்றும் கொடுத்திருந்தார். ஒரு நாட்டின் சடங்குக்கு என்ன பொருள் என்று அந்த நாட்டின் ராஜாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ‘ராஜாவுக்குச் சீனம் தெரிந்திருக்கலாம், வேதம் தெரியாதே’ என்ற தோரணையில் ரோமாபுரி தலையசைத்தது.

இந்த இடத்தில் மேடைக்கு வருகிறார் மேக்ரோ. பிஷப் சார்ல்ஸ் மேக்ரோ, பாரிஸ் வேதபோதக சபை. பின்னாளில் பாலிக் புலாவில் கோயில் கட்டிய அதே சபைதான். 1693இலேயே தம் எல்லைக்குள் இந்தச் சடங்குகளுக்கும், கடவுளைக் குறிக்கச் சேசு சபையார் வழங்கிய சில சீனச் சொற்களுக்கும் தடை போட்டவர். தூர்னோன் அவரைச் சீன நிபுணராக நம்பி வரவழைத்தார். 1706இல் சக்கரவர்த்தி நிபுணரைக் கூப்பிட்டு, என் சிம்மாசனத்துக்குப் பின்னால் எழுதியிருக்கும் நான்கு எழுத்தைப் படியும் என்றார். நிபுணரால் நான்கையும் படிக்க முடியவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவர் எந்தச் சொல் கடவுளைக் குறிக்கும், எது குறிக்காது என்று பதின்மூன்று வருஷமாகத் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார். நம்மூர்ப் பட்டிமன்றங்களில்கூட நடுவருக்குத் தலைப்பு தெரிந்திருக்கும்.

சக்கரவர்த்திக்குச் சப்பென்று போயிற்று. தூர்னோனைத் தலைநகரைவிட்டு அனுப்பினார். தூர்னோன் 1707இல் நான்கிங்கிலிருந்து சடங்குகளுக்குத் தடை போட்டார். சக்கரவர்த்தி அவரை மக்காவுக்குத் தள்ளினார். மக்காவ் போர்த்துக்கீசியர் அவரைக் காவலில் வைத்தார்கள். கிறிஸ்தவர் காவலில் இருந்தபடியே கர்தினால் பட்டம் வந்து சேர்ந்தது. 1710 ஜூன் 8ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். பாவம், நெஞ்சில் கள்ளமில்லாத மனிதர்தான். இரண்டு நாகரிகங்களின் நெற்றியைப் பார்த்து உள்ளத்தைப் படித்துவிடலாம் என்று நினைத்தார், அவ்வளவே.

அவர் போனபின் ரோமாபுரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நாற்பது வருஷம் தபால் போக்குவரத்து. போப்பாண்டவர் வாயால் தளர்த்திச் சொன்னார் என்று இங்கிருந்து போனவர்கள் திரும்பிவந்து சொன்னார்கள். எழுத்தில் இருக்கிறதா என்றால் இல்லை. கட்டளை அப்படியே இருக்கிறது என்று ரோமாபுரி மறுபடி எழுதியது. கடல் தாண்டிக் கடிதம் வருவதற்குள் விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் எதிர்த்திசையில் கிளம்பியிருக்கும். இதற்கு நடுவே 1706இல் தரங்கம்பாடியில் லுத்தரன்கள் வந்து இறங்கித் தமிழில் விவிலியம் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியோடு நிற்காமல் ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று அவர்களைச் சாத்தினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. தமிழ் உரைநடை வளர்ந்ததில் பாதிப் புண்ணியம் இந்தத் திட்டுகளைச் சேரும்.

கடைசியில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பேனாவை எடுத்தார். 1742இல் சீனனுக்கு ஒரு முத்திரைச் சாசனம். 1744இல் தமிழனுக்கு ஒன்று. இனிமேல் பேச்சே கூடாது, போகிற ஒவ்வொரு சுவாமியாரும் சத்தியம் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும். சேரிக் குடிசை என்ன ஆயிற்று? அதற்கு மட்டும் ஒரு சமரசம்: சேரிக்கென்று தனிச் சுவாமியார்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசு சபையார் சொல்ல, போப்பாண்டவரும் சரி என்றுவிட்டார். தேங்காய் விஷயத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மத்தேயு 25 விஷயத்தில் தனிக் கவுண்டர் திறந்தார்கள்.

இனி பினாங்கு. பாரிஸ் சபையார் 1665இல் சியாம் நாட்டு அயுத்தியாவில் ஒரு குருமடம் தொடங்கினார்கள். போர் துரத்த, அது கம்போடியக் கரையோரம் ஹோன் தாட்டுக்கு ஓடியது. அங்கும் துரத்த, 1770வாக்கில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்துக்கு வந்தது. செங்கழுநீரம்மன் தேர் ஓடும் அதே வீராம்பட்டினம்! கடைசியில் 1808இல் பினாங்கில் ‘காலேஜ் ஜெனரல்’ என்று கால் ஊன்றியது. தூர்னோன் தமிழனையும் சீனனையும் ஒரே கப்பலில் முடிச்சுப் போட்டார் என்றால், இந்தக் குருமடம் அதே முடிச்சைத் தூக்கிக்கொண்டு அதே கடலைத் திரும்பக் கடந்து நம் தீவில் இறக்கிவைத்தது.

சிரித்துக்கொண்டே வந்த கதை இங்கே கொஞ்சம் தொண்டையில் சிக்கும். காலேஜ் ஜெனரலில் பாடம் சொன்ன லொரான் இம்பேர், ஜாக் சாஸ்தான் என்ற இருவர் கொரியாவுக்குப் போய் 1839இல் தலை வெட்டப்பட்டார்கள். கொரியாவில் கிறிஸ்தவர்கள் மீது அரசுக்கு மூண்ட கோபத்துக்கு ஒரு பெரிய காரணம், அவர்கள் முன்னோர்க்குச் சடங்கு செய்ய மறுத்தது. 1791இலேயே தாயின் சடங்கை மறுத்து, பெயர்ப்பலகைகளை எரித்த ஒருவரை அங்கே கொன்றிருந்தார்கள். யாரோ யாருக்கோ எழுதிய விளக்கவுரைக்கு வேறு யாரோ கழுத்தை நீட்டினார்கள்.

1839க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1939 டிசம்பர் 8ஆம் தேதி, ரோமாபுரி ஒரு சின்ன அறிவிப்பு வெளியிட்டது. யோசித்துப் பார்த்ததில் கன்பூசியசுக்கும் முன்னோர்க்கும் தலை வணங்குவது குடிமை மரியாதைதான், செய்துகொள்ளலாம். சத்தியமும் இனி வேண்டாம். தமிழ்நாட்டுச் சுவாமிமாரின் சத்தியத்தையும் 1940இல் எடுத்துவிட்டார்கள். 1700இல் காங்சி எழுதிக் கொடுத்த அதே விடைதான். பரீட்சை நேரம் மட்டும் இருநூற்று முப்பத்தொன்பது வருஷம். பாலிக் புலாவ் கோயிலுக்கு அப்போது வயது எண்பத்தைந்து. அந்த எண்பத்தைந்து வருஷமும் பாட்டன் கல்லறையில் ஊதுபத்திக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

வேதத்தைக் கவனமாகப் படிக்கவில்லை என்று இவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. அபாரக் கவனம். ஆனால் அந்தக் கவனமெல்லாம் வேதம் வாய்திறக்காத இடங்களில்தான். குடுமி, சந்தனம், தேங்காய், ஊதுபத்தி. வாய்திறந்து ‘நோயாளியைப் போய்ப் பார்’ என்று சொன்ன இடத்தில் மட்டும் இது நாட்டு வழக்கம், பொறுமை வேண்டும், தனி ஏற்பாடு செய்வோம்.

இன்று சீனர்களின் கல்லறைத் திருநாளான செங் பெங் வந்தால் சீனக் கத்தோலிக்கர் ஊதுபத்தியோடு கல்லறைக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். தமிழ்ப்பெண் பொட்டு வைத்துக்கொண்டு நன்மை வாங்கலாம். தூர்னோனின் பட்டியலில் பாதிக்குமேல் காலாவதி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும், தலித் கிறிஸ்தவர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்று பிரிக்கும் ஒரு சுவர் 2010இல் செய்தியானது. செத்தவர்களைக் கும்பிடலாமா என்று இருநூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்து முடித்துவிட்டோம். செத்தவர்களை ஒன்றாகப் படுக்கவைக்கலாமா என்பதுதான் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.